தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

2024 பிப்ரவரி 16, காட்பாடி வாசகி ஒருவரின் கேள்வி

என் தம்பி சவூதி அரேபியாவில், தம்மாம் பக்கம் வேலை செய்கிறான். அங்கே கோயில் கிடையாது, சாமியாரைப் பார்க்கவும் வழியில்லை. திருநீற்றுப் புதன் அன்று பேசியபோது, நம் பங்குத்தந்தையிடம் காணொளி அழைப்பில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு பெறுவது) செய்துகொள்ள முடியுமா என்று கேட்டுச் சொல்லும்படி வற்புறுத்தினான். கொரோனா காலத்தில் திருப்பலியையே தொலைக்காட்சியில்தானே கண்டோம், இதற்கு மட்டும் ஏன் தடை என்பது அவன் வாதம். சாமியாரிடம் இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 17

தொலைபேசியிலோ காணொளியிலோ பாவமன்னிப்பு பெற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எதிர்பார்ப்பில் உங்கள் தம்பி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்படும் பதில் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 960 ஆம் பிரிவைப் பாருங்கள். சாவான பாவத்தில் (கடவுளின் அருளை இழக்கச் செய்யும் பெரும்பாவத்தில்) இருப்பதை உணர்ந்தவர் தம் பாவங்களைத் தனியாகவும் முழுமையாகவும் குருவிடம் சொல்லி மன்னிப்பு பெறுவதே கடவுளோடும் திருச்சபையோடும் ஒப்புரவாவதற்கு உரிய ஒரே வழக்கமான வழி என்று அது சொல்கிறது. உடலளவிலோ மனத்தளவிலோ அது இயலாமற்போனால் அந்தக் கடமை அவரைக் கட்டாது, வேறு வழிகளிலும் ஒப்புரவு கிடைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாலைவன நகரத்தில் குருவே இல்லாமல் வாழும் தொழிலாளியின் நிலைமை அந்த இயலாமையில்தான் சேரும். அவர் சட்டத்தை மீறிக்கொண்டிருப்பதாக நினைத்து வருந்த வேண்டியதில்லை.

அந்த வேறு வழி எது என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1452 ஆம் பத்தியில் சொல்கிறது. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளை நேசிப்பதால் வருந்துவது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் உத்தம மனஸ்தாபம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வாய்ப்புக் கிடைத்தவுடன் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் அதனோடு சேர்ந்திருந்தால், அந்த மனஸ்தாபம் சாவான பாவங்களுக்கும் மன்னிப்பைப் பெற்றுத் தருகிறது. உங்கள் தம்பி இன்றிரவே, தம் கட்டிலில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம்.

பங்குத்தந்தையிடம் தாராளமாகப் பேசுங்கள். தம்பியும் அவரோடு காணொளியில் பேசட்டும். ஆலோசனை கேட்கட்டும், செபிக்கச் சொல்லட்டும். பாவங்களை வரிசையாகச் சொல்வதையும் மன்னிப்பை எதிர்பார்ப்பதையும் மட்டும் அந்த அழைப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 18

தொலைக்காட்சித் திருப்பலி பற்றிய வாதத்துக்கு நேற்றுப் பதில் எழுதவில்லை. அந்த மாதங்களில் நாம் திருப்பலியைக் கண்டோம், ஜெபித்தோம். ஆனால் நற்கருணை வாங்கவில்லை. திரைக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தவர்கள் அதை மனத்தில்தான் வாங்க முடிந்தது. ஆகவே அந்த எடுத்துக்காட்டு தம்பியின் கேள்விக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

தம்மாம் என்பதால் இன்னொரு செய்தியும் உதவலாம். சவூதியில் கோயில் இல்லை என்றாலும், அங்குள்ள கத்தோலிக்கர்கள் வட அரேபிய மறைமாவட்ட ஆளுகையைச் சேர்ந்தவர்கள். அது கப்புச்சின் துறவியரின் பொறுப்பில் இருக்கிறது. அதன் பேராலயம் பக்கத்து நாடான பகுரைனில், அவாலியில் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. மனாமா நகரத்தின் திரு இருதயக் கோயில் 1939 முதல் இருக்கிறது. சவூதியின் கிழக்குக் கரையையும் பகுரைனையும் இணைக்கும் கடற்பாலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம்தான். விசாவும் முதலாளியின் அனுமதியும் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் போய்வரக்கூடிய தொலைவு அது. எல்லாத் தொழிலாளிக்கும் அந்த அனுமதி கிடைப்பதில்லை என்பதை அறிந்தே சொல்கிறேன். தம்பி விசாரித்துப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 20

இராணிப்பேட்டைத் தம்பி ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். சட்டத் தொகுப்பில் தொலைபேசி என்ற பேச்சே இல்லாதபோது, இல்லாத தடையை நாமே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

தொலைபேசி இல்லாத காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்து, விடையும் கிடைத்துவிட்டது. எட்டாம் கிளமெந்து திருத்தந்தையாக இருந்த 1602 ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில், கடிதம் வழியாகவோ ஆள் வழியாகவோ தொலைவில் உள்ள குருவிடம் பாவங்களைத் தெரிவித்து, அந்தத் தொலைவிலிருந்தே மன்னிப்பும் பெறலாம் என்ற கருத்தை உரோமை கண்டித்தது. இவ்வாறு செய்யலாம் என்று கற்பிப்பதையும் நடைமுறையில் கொண்டுவருவதையும் தடை செய்தது. கடிதம் போய்ச் சேர அன்று வாரங்கள் ஆகலாம், இன்று குரல் நொடியில் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு தாமதத்தைப் பற்றியதே அல்ல. குருவும் மனம் வருந்துபவரும் ஒரே இடத்தில் இல்லை என்பதைப் பற்றியது. அந்தக் குறை வேகத்தினால் தீராது.

பிறகு தொலைபேசி வந்தது. தவிர்க்கவே முடியாத நெருக்கடியில் தொலைபேசியில் மன்னிப்பு வழங்கலாமா என்று பாவமன்னிப்பு பற்றிய காரியங்களைக் கவனிக்கும் உரோமையின் மனச்சான்றுத் தீர்ப்பாயத்திடம் 1884 இல் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில், இதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்பது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பழைய அறநெறி இறையியலார் சிலர் இந்த மௌனத்தை ஒரு சிறு திறப்பாக எடுத்துக்கொண்டார்கள்: இறந்துகொண்டிருப்பவருக்கு வேறு எந்த வழியும் இல்லையென்றால், செல்லுபடியாகுமானால் ஆகட்டும் என்ற நிபந்தனையோடு ஒரு குரு தொலைபேசியில் மன்னிப்பைச் சொல்லிப் பார்க்கலாம் என்று கருதினார்கள். நானும் அந்த மௌனத்தைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். உயிர் போகும் நேரத்துக்கென்று எழுந்த அந்த ஐயத்தை, உயிரோடும் நலத்தோடும் இருப்பவரின் தவக்காலப் பாவசங்கீர்த்தனத்துக்கு நீட்டிக்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அண்மைக் காலத்தில் பேச்சு இன்னும் தெளிவாகிவிட்டது. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002 இல் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற திருச்சடங்குகள்) இல்லை என்று நேராகவே சொல்கிறது. 2011 இல் அமெரிக்காவில் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார்ப்படுத்தும் கைபேசிச் செயலி ஒன்று ஓர் ஆயரின் இசைவோடு வந்தது. ஆன்ம சோதனைக்கு அது உதவலாம், குருவின் முன்னிலைக்கு ஈடாகாது என்று வத்திக்கானின் பேச்சாளர் உடனே விளக்கம் சொன்னார்.

பிப்ரவரி 23

இது வெறும் சட்ட நூல் படிப்பு, அனுபவம் இல்லாதவர் பேசுவது எளிது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகவே இதையும் சொல்கிறேன்.

எங்கள் வடாற்காட்டில் வீட்டுக்கு ஒருவர் படையில் சேர்ந்த ஊர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இளவயதில் சேர்ந்தேன். லடாக்கில் இருந்த ஒரு குளிர்காலத்தில், பனி விழுந்து சாலை மூடிய பிறகு, கத்தோலிக்கக் குரு ஒருவரைப் பார்க்க வழியே இல்லாமல் மாதங்கள் கழிந்தன. என் மனத்தை ஒரு காரியம் அழுத்திக்கொண்டிருந்தது. என்ன காரியம் என்பது இங்கே தேவையில்லை. 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவ அஞ்சல் முகவரியிலிருந்து எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: என் பாவங்களை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் வாசித்துவிட்டு மன்னிப்பை எழுதி அனுப்புங்கள் என்று.

பதில் வருவதற்குள் பனி இளகத் தொடங்கிவிட்டது. அவர் எழுதியது ஒரு பக்கம்தான். பாவத்தைத் தாளில் எழுதாதே, இராணுவக் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது உனக்கே தெரியும். அதைவிட முக்கியமாக, எழுதினாலும் நான் உனக்குக் கடிதத்தில் மன்னிப்புத் தர முடியாது என்று முதலில் எழுதியிருந்தார். பிறகு, 'என் சர்வேசுரா சுவாமி' என்று தொடங்கும் மனஸ்தாப மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லும்படியும், விடுப்பில் இறங்கியதும் வீட்டுக்குப் போகும் முன் எந்த ஊரானாலும் முதலில் தென்படும் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்படியும், அதுவரை தினமும் தம் பூசையில் என்னை நினைப்பதாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தபோது, கேட்டதைக் கொடுக்காமல் கையை விரித்துவிட்டார் என்று மனம் கசந்தது. ஆனால் அன்றிரவு காவல் முடிந்து வந்து அந்த மந்திரத்தை அவர் சொன்னபடி சொல்லத் தொடங்கியபோதுதான், சிறுவயதிலிருந்து ஓடும் ஓட்டத்தில் ஒப்பித்த வரிகளின் பொருள் எனக்குள் இறங்கியது. ஒரு குரு பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்திருப்பேன். குரு இல்லாத அந்த மாதங்கள் என்னை வருந்தக் கற்பித்தன. காட்பாடிச் சகோதரியின் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இதுதான்.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, அப்படியானால் மனஸ்தாபமே போதுமே, குரு எதற்கு என்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் கேட்கிறார். மனஸ்தாபத்துக்குள்ளேயே குருவிடம் போகும் உறுதி அடங்கியிருக்கிறது என்பதுதான் கத்தோலிக்க நம்பிக்கை. போகவே மாட்டேன், கடவுளிடம் நேராகப் பேசிக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தவரின் வருத்தத்தில் அந்தப் பகுதி இல்லை. நான் லடாக்கிலிருந்து இறங்கியபோது பத்தான்கோட்டில் ஒரு சின்னக் கோயிலைத் தேடிப் போனேன். அந்தத் தேடலும் என் மனஸ்தாபத்தில் ஒரு பாகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் 1

இராணிப்பேட்டைத் தம்பி விடுவதாக இல்லை, அது எனக்கு மகிழ்ச்சியே. அவருடைய புதிய வாதம் கூர்மையானது. திருமணத்தில் ஒருவர் தமக்காக வேறொருவரை அனுப்பிச் சம்மதம் சொல்லச் சட்டம் இடம் தருகிறது (1105 ஆம் பிரிவு). வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும் ஆசீரை ஏற்பவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு என்று உரோமை சொல்லியிருக்கிறது. ஆயர்கள் வழங்கும் திருத்தந்தையின் ஆசீருக்கும் இது பொருந்தும் என்று 1985 இல் ஆணை வந்தது. அங்கெல்லாம் தொலைவு தடையில்லை, மன்னிப்புக்கு மட்டும் ஏன் என்கிறார்.

பலன் என்பது அருட்சாதனம் அல்ல. பாவம் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவருக்கு, அதற்குரிய தண்டனையைத் திருச்சபை தன் செபத்தால் தள்ளுபடி செய்வது அது. செபத்துக்குத் தொலைவு கிடையாது. ஆகவே வானொலி அதற்குப் போதும்.

திருமணத்தைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் பிடித்தது. அங்கே அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமக்களே. அவர்கள் தருவது சம்மதம், அதாவது ஒருவருடைய மனத்தின் முடிவு. என் முடிவை வேறொருவர் என் பெயரில் அறிவிக்க முடியும். ஆனால் என் வருத்தத்தை எனக்காக வேறொருவர் வருந்த முடியாது. குருவின் மன்னிப்பும் அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பு அல்ல. இந்த மனிதர்மேல், இந்த இடத்தில், செய்யப்படும் ஒரு செயல்.

ஞானஸ்நானத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருக்கும் சாமியார் காணொளியில் வார்த்தைகளைச் சொல்ல, ஆற்காட்டில் பாட்டி தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அதை ஊற்றுபவரே வார்த்தையையும் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் உடனே புரிகிறது. நெருக்கடியில் பாட்டியே இரண்டையும் செய்யலாம், அது வேறு. பாவசங்கீர்த்தனத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள் எதுவும் ஊற்றப்படுவதில்லை. இங்கிருந்து அங்கே போவது செய்தி, அங்கிருந்து இங்கே வருவது பதில் என்றே தோன்றுகிறது. செய்தியும் பதிலும்தான் என்றால் தொலைபேசியே போதுமே என்று நினைப்பது இயல்பு. சிக்கல் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 3

முந்தைய குறிப்பை எழுதிய பிறகு, வேலூரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருப்பது நினைவுக்கு வந்தது.

வேலூரின் மருத்துவமனைகளுக்கு வங்காளம், ஜார்க்கண்ட், மேகாலயா, மிசோரம் என்று பல மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் குருவைத் தேடுவார்கள். குரு கிடைப்பார், மொழி கிடைக்காது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் ஊர்ச் சாமியாரைக் காணொளியில் அழைத்துத் தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்வது மேலல்லவா என்று மருத்துவமனையில் பணியாற்றும் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். இதுவரை வந்த கேள்விகளில் என் மனத்தை மிகவும் தொட்டது அதுதான்.

சட்டம் இந்த நிலைமையை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய யாருக்கும் தடையில்லை என்கிறது 990 ஆம் பிரிவு. அந்த மொழிபெயர்ப்பாளரும் கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 983 ஆம் பிரிவு. படையில் கற்ற இந்தி எனக்கு இருப்பதால், ஒரு முறை அந்தப் பணி எனக்கு வந்தது. ஆணா பெண்ணா, எந்த ஆண்டு என்பதைக்கூட நான் எழுத மாட்டேன். சொல்லப்பட்டது எதுவும் என் வாயிலிருந்து எந்நாளும் வராது.

நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பாவங்களையும் சாமியாரின் அறிவுரையையும் பரிகாரத்தையும் நான் இரு பக்கமும் மொழிபெயர்த்தேன். பிறகு சாமியார் என்னைச் சற்று விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிலில் இருந்தவரின் தலைக்கு மேலே கையை நீட்டி மன்னிப்பு வார்த்தைகளைத் தமிழிலேயே சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. படுத்திருந்தவர் ஒரு சொல்லும் புரியாமலே கண்ணை மூடி, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

மன்னிப்பு என்பது போய்ச்சேர வேண்டிய ஒரு தகவலாக மட்டும் இருந்தால், புரியாத மொழியில் சொன்ன அந்த வார்த்தைகள் வீணாகியிருக்க வேண்டும். அவை வீணாகவில்லை. தாய்மொழியில் தெளிவாகக் கேட்கும் காணொளியில் இல்லாத ஒன்று, மொழி புரியாத அந்த அறையில் இருந்தது. இதைவிடத் தெளிவாக இராணிப்பேட்டைத் தம்பிக்கு என்னால் விளக்க முடியாது.

ஊர்ச் சாமியாரைக் காணொளியில் அழைப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சைக்கு முந்தைய இரவில் தாய்மொழியில் ஒரு செபம் கேட்பது பெரிய ஆறுதல். அதையும் செய்யட்டும், வேலூர்ச் சாமியாரையும் அழைக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்ல மனம் வராதவர், சைகையாலும் தெரிந்த சில சொற்களாலும் இயன்றதைச் சொன்னாலும் போதும்.

மார்ச் 9

2021 கொரோனா அலையில் தந்தையை இழந்த ஒருவர் எழுதியிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரையும் விடாததால், செவிலியர் ஒருவர் கைபேசியை அவர் காதருகே பிடிக்க, சாமியார் தொலைபேசியில் ஏதோ சொன்னாராம். அப்படியானால் என் அப்பாவுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லையா என்று கேட்கிறார். இதற்கு அவசரப்பட்டுப் பதில் எழுதக்கூடாது என்று சில நாட்கள் தள்ளிப்போட்டேன்.

மனச்சான்றுத் தீர்ப்பாயம் 2020 மார்ச் 19 ஆம் தேதியிட்டு ஒரு குறிப்பை வெளியிட்டது. தொற்று பரவிய இடங்களில், சாகும் ஆபத்தில் இருக்கும் நோயாளிகள் படுத்திருக்கும் பிரிவுகளின் வாசலில் நின்று, இயன்றவரை ஒலிபெருக்கும் கருவிகளைப் பயன்படுத்தி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பாவங்களைக் கேட்காமலே எல்லோருக்கும் சேர்த்து மன்னிப்பு வழங்கலாம் என்று அது சொல்லியது. பிழைத்தவர்கள் பின்னர் உரிய நேரத்தில் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். இங்கே ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஆகவே கருவி என்பது தானாகவே தடை அல்ல. குரு வாசலில் நிற்கிறார், நோயாளி உள்ளே கிடக்கிறார். கருவி அவருடைய குரலைப் பெரிதாக்குகிறது, அவருடைய இடத்தை எடுத்துக்கொள்வதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், தீர்ப்பாயத்தின் தலைவர் கர்தினால் மௌரோ பியாசென்சா ஒரு நேர்காணலில், தொலைபேசி போன்ற கருவிகள் வழியாக வழங்கும் மன்னிப்பு செல்லுபடியாகாமற்போகும் வாய்ப்பே மிகுதி என்றார். பிப்ரவரி 20 அன்று நான் எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். அவர் பயன்படுத்திய சொற்களில் இன்னும் ஒரு நிதானம் இருக்கிறது.

இனி அந்த மகனுக்கு. தொலைபேசியில் சாமியார் சொன்னது எந்த வகையானது என்று அளந்து பார்க்கும் வேலையை நீங்கள் சுமக்க வேண்டாம். உங்கள் தந்தை கடைசி நேரத்தில் குருவின் குரலைக் கேட்க விரும்பினார் என்றால், அவர் மனத்தில் மனஸ்தாபமும் இருந்தது, வாய்ப்பிருந்தால் குருவிடம் போகும் ஆசையும் இருந்தது. அந்த இரண்டும் இருக்குமிடத்தில் கடவுளின் மன்னிப்பு கம்பியில்லாக் கருவிக்காகக் காத்திருப்பதில்லை. சாமியாரின் குரல் அந்த மனஸ்தாபத்தை எழுப்பியிருந்தால், அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

மார்ச் 10

நேற்றைய குறிப்புக்குத் துணையாக ஒன்று. 2020 மார்ச் 20 அன்று வத்திக்கானின் சாந்தா மார்த்தா சிற்றாலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் இதையே எளிய மொழியில் சொன்னார். குருவைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், உங்கள் தந்தையான கடவுளிடம் உள்ளதை உள்ளபடி பேசுங்கள், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்வதாக வாக்குக் கொடுங்கள், உடனே கடவுளின் அருளுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பது அதன் சாரம். 1452 ஆம் பத்தியில் இருப்பதுதான் அது.

மார்ச் 14

பாவத்தைத் தொலைபேசியில் சொல்லாமல் இருக்க இன்னொரு காரணம் உண்டு. அழைப்புகளைத் தாமாகவே பதிவு செய்யும் வசதி சில கைபேசிகளில் இருக்கிறது. வளைகுடாவில் தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் பலர் தங்குகிறார்கள். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த, திருச்சபையின் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 1386 ஆம் பிரிவு, பாவசங்கீர்த்தனத்தில் பேசியதை எந்தக் கருவியாலும் பதிவு செய்வதையும் ஊடகங்களில் பரப்புவதையும் குற்றம் என்கிறது. குரு தம் வாயைக் கட்டிக்கொள்வார். ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சேமிப்புக் கணினிக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்?

ஆனாலும் இதை முதன்மைக் காரணமாக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே யாராலும் ஒட்டுக்கேட்க முடியாத தொலைபேசி வந்தாலும், மார்ச் 3 அன்று எழுதியது மாறாது.

மார்ச் 19

மூன்று பேர் மூன்று விதமாக ஒரே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்: மாலைத் திருப்பலிக்கு முன் அரை மணி நேரம்தான் சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிறார், எங்கள் வேலை முடிந்து பேருந்து வந்துசேர்வதற்குள் அவர் எழுந்துவிடுகிறார். ஜவ்வாது மலையில் கிளைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்: சாமியார் மாதம் ஒரு முறை வருகிறார், பூசை முடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். போளூர்ப் பக்கம் ஒரு மருமகள்: மாமியார் படுத்த படுக்கை, காதும் கேட்காது.

தொலைபேசிப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவில் இல்லை, இங்கேயே இருக்கிறார்கள் என்பதை இந்த மூன்றும் எனக்குக் காட்டுகின்றன. அவர்கள் வசதி தேடி அலைபவர்களும் அல்லர். அவர்களுடைய வாழ்க்கை நேரமும் கோயிலின் நேரமும் சந்திக்கவில்லை.

சட்டத்தின் 986 ஆம் பிரிவை ஒவ்வொரு பங்குப் பேரவையும் எடுத்து வாசிக்க வேண்டும். ஆன்மாக்களைக் காக்கும் பொறுப்புடையவர்கள், மக்கள் நியாயமாகக் கேட்கும்போது பாவசங்கீர்த்தனம் கேட்கவும், மக்களுக்கு வசதியான நாட்களிலும் நேரங்களிலும் அதற்கு வாய்ப்புத் தரவும் கடமைப்பட்டவர்கள் என்று அது சொல்கிறது. நேரில்தான் வர வேண்டும் என்று மக்களிடம் சொல்லும் அதே திருச்சபை, நேரில் கிடைக்க வேண்டும் என்று குருக்களிடமும் சொல்கிறது. முதல் பாதியை உரக்கவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் சொல்வது நியாயமல்ல.

ஆம்பூர்ச் சகோதரி, உங்களோடு வேலை செய்யும் கத்தோலிக்கப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு வாரத்தில் ஒரு நாள் என்று எழுத்தில் கேளுங்கள். நேரம் இல்லை என்று வாயால் சொல்வது எளிது. காரணத்தோடு பலர் கையெழுத்திட்ட தாளை மறுப்பது கடினம். ஜவ்வாது மலை அன்பர், கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் சாமியார் சற்று முன்னதாகவே ஏறி வருவார். சேத்துப்பட்டு லூர்து அன்னை கோயிலைச் சுற்றிய ஊர்களில் தாராஸ் சாமியாரின் பெயரை இன்றும் மக்கள் சொல்கிறார்கள். பாரிஸ் மறைபோதகச் சபையிலிருந்து வந்த அந்தக் குருவின் காலத்தில் பேருந்துகள் இல்லை. ஊர் ஊராகப் போனவர் என்பதால்தான் பெயர் நிலைத்தது.

போளூர்ப் பக்கத்து மருமகளுக்கு: முதல் வெள்ளியன்று நற்கருணையோடு நோயாளிகளைச் சந்திக்கச் சாமியார் வருவார், அந்தப் பட்டியலில் மாமியாரின் பெயரைக் கொடுங்கள். நியாயமான காரணம் இருந்தால் பாவசங்கீர்த்தனத்தை வீட்டிலேயே கேட்கலாம், 964 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. காது கேட்காதவருக்காகச் சாமியார் உரக்கப் பேச வேண்டியதில்லை, எழுதிக் காட்டலாம். அவரும் எழுதிக் காட்டலாம். முடிந்ததும் அந்தத் தாளை அங்கேயே எரித்துவிடுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்து பெரிய எழுத்தில் காட்டினாலும், இருவரும் ஒரே அறையில் இருக்கும்வரை தவறில்லை. அழித்துவிட மட்டும் மறக்கக்கூடாது. சாமியார் உள்ளே இருக்கும்போது குடும்பத்தார் எல்லோரும் திண்ணைக்குப் போய்விடுங்கள்.

மார்ச் 26

காட்பாடிச் சகோதரி மீண்டும் எழுதியிருக்கிறார். பகுரைனுக்குப் போகத் தம்பிக்கு இந்தப் பாஸ்கா காலத்தில் அனுமதி கிடைக்கவில்லை. ஆகஸ்டில் விடுப்பில் ஊருக்கு வருகிறார். பங்குத்தந்தை காணொளியில் அவரோடு நெடுநேரம் பேசி, மனஸ்தாப மந்திரத்தைச் சேர்ந்து சொன்னாராம். இப்போது தம்பி கேட்பது: உத்தம மனஸ்தாபத்தால் மன்னிக்கப்பட்டுவிட்ட பாவங்களை ஆகஸ்டில் மறுபடியும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். சாவான பாவங்கள் அனைத்தையும், நினைவுக்கு வருமளவு, வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். அந்த உறுதியோடுதான் அவர் இப்போது மன்னிப்பைப் பெற்றிருக்கிறார். மறந்துபோகுமே என்று அஞ்சி எழுதி வைக்க வேண்டாம். அறையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாக முயன்றும் மறந்துபோனவை அந்த மன்னிப்பிலேயே அடங்கிவிடும், பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். சென்னை விமான நிலையத்திலிருந்து காட்பாடிக்கு வரும் வழியில் கோயில்கள் பல இருக்கின்றன. ஊர்ச் சாமியாரிடமே சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முகம் தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வழியிலேயே இறங்கிக்கொள்ளட்டும்.